இரண்டு மூக்குள்ள மெஷின்

சிவப்பு விளக்கு பச்சையாக மாறும்வரை பொறுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார், உள்ளே தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது, பச்சை வந்ததும் காபி போட்டுக் காட்டுவார், குடித்துப் பார்த்துவிட்டு எந்த மெஷின் என்று நான் சொல்ல வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் பார்த்துச் சொல்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. வீட்டுச் சாமான் கடையின் இரண்டாவது மாடி. ஒரு சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே பழத்தைக் கொத்துகிறது. அடுத்த வரிசையில் யாருக்கோ மிக்ஸி ஓட்டிக் காட்டுகிறார்கள், அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்குகிறது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விளக்கைப் பார்க்கிறவளை யாரும் ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் பளபளப்பான மெஷினின் உடம்பில் எனக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பேரும் தெரிகிறார்கள், வளைந்து, நீண்டு, ஒருத்தியின் தோளில் இன்னொருத்தியின் முகவாய். தோள் பெனிட்டாவுடையது. முகவாய் மாளவிகாவுடையது. ஐந்து வருஷம் பெனிட்டாவோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அதற்கு முன்னால் மூன்று வருஷம் கல்லூரி விடுதியில் ஒரே அறை, எட்டு வருஷத்தில் அந்தத் தோளில் முகவாயை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வைக்கலாமாம். வந்து ஏழு மாசம்கூட ஆகாத ஒருத்தி, காலியாக இருந்த மூன்றாவது அறைக்கு விளம்பரம் பார்த்து வந்தவள், வைத்துக்கொண்டு நிற்கிறாள், பெனிட்டாவும் தள்ளிவிடவில்லை, கனக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த விளம்பரத்தை எழுதியதும் நான்தான். அமைதியானவராக இருத்தல் நலம் என்று எழுதினேன், பெனிட்டா படித்துச் சிரித்து, ஏட்டி, உன்ன மாதிரி இன்னொருத்தி வந்தா வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும்ட்டி என்று அந்த வரியை அடித்துவிட்டாள். அடித்திருக்காவிட்டால் மாளவிகா வந்திருக்க மாட்டாளோ. வந்திருப்பாள், அவள் அமைதியானவள் என்று அவளே நம்புகிறவள். வந்த முதல் வாரமே எங்கள் அடுப்படியில் நின்று, நீங்க ரெண்டு பேரும் இன்ஸ்டன்ட் காபியா குடிக்கிறீங்க, பாவம் யா, என்றாள். நான் அன்றுவரை பாவமில்லை. பால் காய்ந்ததும் இரண்டு டம்ளரில் ஒவ்வொரு கரண்டி தூள், பெனிட்டாவுக்குச் சர்க்கரை ஒன்றரை, எனக்கு ஒன்று, அவள் அலாரம் மூன்றாவது முறை அடிக்கும்போது டம்ளர் அவள் தலைமாட்டில் இருக்கும், அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவாள். அது காபி நன்றாக இருந்ததால் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீட்டினாள் இல்லையா. பிறகு மாளவிகா அவளை ஏதோ ஒரு கடைக்குக் கூட்டிப்போய் எஸ்பிரஸ்ஸோ வாங்கிக் கொடுத்தாள், பெனிட்டா வந்து, சுகி, கசப்புதான், ஆனா கசப்புக்கு அடியில என்னமோ இருக்குட்டி என்றாள். அந்த என்னமோவை அவர்கள் இருவரும் வாராவாரம் தேடிப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், கூப்பிடவில்லை என்று சொன்னால் பொய். நீயும் வாயேன் என்பது ஒரு மாதிரி. வாட்டி என்று கையைப் பிடித்து இழுப்பது இன்னொரு மாதிரி. செருப்பை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நீயும் வாயேன் என்றார்கள். எனக்குத் துணி துவைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கலாம் என்று முடிவானது. சின்னதாக, முதல்முதலாக வாங்குகிறவர்களுக்கு ஏற்றதாக ஒன்று. நீ பாத்துச் சொல்லு சுகி, நீ பாத்தாத்தான் சரியா இருக்கும் என்று பெனிட்டா சொன்னதும் எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன், மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். மாளவிகாவுக்கு எஸ்பிரஸ்ஸோ குடிக்கத் தெரியும், எனக்கு எஸ்பிரஸ்ஸோவைத் தெரியும். பதினைந்து பார் அழுத்தம் என்று பெட்டியில் பெரிதாகப் போடுவது பெருமைக்கு, ஒன்பது போதும். பொடி மிக நைஸாக இருந்தால் தண்ணீர் இறங்காது, கொரகொரப்பாக இருந்தால் ஓடிவிடும். இருபத்தைந்திலிருந்து முப்பது விநாடிக்குள் காபி இறங்க வேண்டும். கைப்பிடி வைத்த கரண்டி மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் பொடியைப் போட்டு அழுத்தி மெஷினில் மாட்ட வேண்டும், அதன் அடியில் மூக்கு இருக்கும், அதன் வழியாகத்தான் காபி சொட்டும். இரண்டு மூக்கு. ஒரு கோப்பைக்கு ஒன்று. முப்பத்தொரு மெஷினைப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் இரண்டு மூக்கு. மூன்று மூக்கு வைத்து எவனும் செய்யவில்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் விழும், மூன்றாவது ஆள் கசடைத் தட்டி, கழுவி, மறுபடி பொடி போட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும், அதற்குள் முதல் இரண்டு பேரும் குடித்துக்கொண்டே பால்கனிக்குப் போயிருப்பார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்கு அழுகை வந்தது, ஒரு மெஷினின் மூக்குக்காக யாராவது அழுவார்களா, நான் அழுதேன், பிறகு எழுந்து நோட்டில் இரண்டு மூக்கு என்று எழுதி அடிக்கோடிட்டேன், அது ஒரு நல்ல அம்சம் என்பதுபோல.

"இன்னும் ரெட்டாதான் இருக்கு," என்கிறாள் மாளவிகா. "ஏட்டி சுகி, அது வேலை செய்யுதா இல்லையா?"

ஏட்டி. பெனிட்டா தூத்துக்குடிக்காரி, அங்கே பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், எங்கள் ஆத்தூர்ப் பக்கம் அந்தச் சொல்லே கிடையாது. விடுதியில் முதல் நாள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, ஏட்டி இதுக்குள்ள கல்லா வச்சிருக்க என்று கேட்டாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாசம் கழித்து அது எனக்கு மட்டுமான சொல் என்று தெரிந்துகொண்டேன், வகுப்பில் மற்றவர்களை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். எட்டு வருஷம் அது என் பெயராக இருந்தது. போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், அடுப்படியிலிருந்து ஏட்டி இங்க வா என்று குரல் வந்தது, நான் எழுந்தேன், மாளவிகா போனாள். நான் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. எழுந்தவள் எதற்காவது எழுந்த மாதிரி இருக்க வேண்டுமே என்று ஜன்னலைச் சாத்தினேன். இப்போது மாளவிகாவும் அதைக் கற்றுக்கொண்டு எல்லோரையும் ஏட்டி என்கிறாள், வாட்ச்மேனின் மனைவியைக்கூட. அவள் வாயில் அது சிரிப்புக்குச் சொல்கிற சொல். பெனிட்டாவுக்கு அது பிடித்திருக்கிறது, அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பெனிட்டாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது போல, முகம் மலர்கிறது.

பச்சை வந்துவிட்டது. கடைக்காரர், சட்டைப்பையில் முத்துச்செல்வன் என்று பெயர் குத்தியிருக்கிறது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இப்பப் பாருங்க மேடம், ஓட்டல்ல குடிக்கிற அதே டேஸ்ட்டு," என்று பொடியை அழுத்துகிறார், போதாது, இன்னும் அழுத்த வேண்டும், நான் சொல்லவில்லை. பொத்தானைத் தட்டுகிறார். மெஷின் ஒரு கனத்த ஆள் மாடிப்படி ஏறுகிற மாதிரி உறுமுகிறது. இரண்டு மூக்கிலிருந்தும் இரண்டு கறுப்பு நூல் இறங்கி, தேன் நிறமாகி, வெளுக்கிறது. பதினெட்டு விநாடிதான், எண்ணினேன். இரண்டு குட்டிக் கோப்பை. "மூணு பேரு இருக்கீங்க, ரெண்டு கப்புதான் வரும், ஷேர் பண்ணிக்கோங்க சிஸ்டர்." இதற்குத்தான் நான் மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன் என்று முத்துச்செல்வனுக்கு எப்படித் தெரியும். ஒரு கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதைப் பெனிட்டா எடுத்து ஒரு வாய் உறிஞ்சி மாளவிகாவிடம் நீட்டுகிறாள், மாளவிகா அதே விளிம்பில், கோப்பையைத் திருப்பக்கூட இல்லை, அதே இடத்தில் உதட்டை வைக்கிறாள்.

ஆத்தூரில் எங்கள் வீட்டில் யாரும் எதிலும் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். தண்ணீரோ காபியோ, டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, ஊற்றிக்கொள்வதுதான். எச்சில் பண்ணுகிறாயா என்று ஒரு அடி கையில் விழுந்து விழுந்து, அது எலும்புக்குள் போய்விட்டது. பெனிட்டாவுக்கு அந்தப் பழக்கமில்லை. விடுதியில் என் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு நான் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை, அவ்வளவுதான். அவள் ஒன்றும் கேட்காமல் அண்ணாந்து குடிக்கப் பழகினாள். ஒரு வாரம் முழுக்கச் சுடிதாரை நனைத்துக்கொண்டு, மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டு, எனக்காக. ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் அவள் எதையும் தூக்கித்தான் குடித்தாள். மாளவிகா வந்த பிறகு ஒரு நீலநிற மக் வந்தது, அதில் இரண்டு பேரும் மாறி மாறி. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அருவருப்பு என்றுதான் நினைத்தேன். அருவருப்பு இவ்வளவு நேரம் தூக்கத்தைக் கெடுக்காது. அந்த மக்கை ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, கழுவாமல் இருந்ததை, கையில் எடுத்துக்கொண்டு நின்றேன், என் உதடு வரைக்கும் கொண்டுபோனேன். முடியவில்லை. கழுவி வைத்துவிட்டேன். இரண்டு தடவை கழுவினேன்.

"குடிச்சுப் பாருட்டி, என்ன பாத்துட்டே நிக்க?" என்கிறாள் பெனிட்டா. நான் கோப்பையைத் தூக்கி, அண்ணாந்து, சாய்க்கிறேன். இருக்கிறதே இரண்டு கரண்டி காபி, அது வர மாட்டேன் என்கிறது, நுரை கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னும் சாய்க்கிறேன், மொத்தமாகச் சரிந்து பாதி வாயில், பாதி முகவாயில், கழுத்தில், சூடு. மாளவிகா கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்கிறாள். "ஐயோ, எஸ்பிரஸ்ஸோவை அண்ணாந்து குடிச்ச ஒரே ஆளு நீதான் யா! சோ க்யூட்!" முத்துச்செல்வன் சிரிக்காமல் இருக்க மெஷினைத் துடைக்கிறார். நாக்கில் கசப்பு, அடியில் என்னமோ இருக்கிறதா என்று தேடுகிறேன், சூடுதான் இருக்கிறது. பெனிட்டா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்து அதைக் கன்னத்துக்குள் பிடித்துக்கொண்டு, கிட்ட வந்து, தன் துப்பட்டா நுனியால் என் முகவாயைத் துடைக்கிறாள், அது வெள்ளைத் துப்பட்டா, கறை போகாது, துடைக்கிறாள். "சுட்டுட்டா? காட்டு." அவள் விரல் என் தாடைக்குக் கீழே. போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்தபோது இதே மாதிரிதான் கஞ்சியைத் துடைத்தாள், ஒன்பது நாள் லீவு போட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். இல்லை, நான் சும்மா பயந்திருக்கிறேன். தோளில் ஒரு முகவாய், அதனால் என்ன, மக்கில் ஒரு உதடு, அதனால் என்ன, துப்பட்டா எனக்குத்தானே.

"என்ன உயரம் வரும்ணே இது?" துடைத்துக்கொண்டே, என் தலைக்கு மேலாகக் கடைக்காரரைக் கேட்கிறாள். "மேல அலமாரி இடிக்கும், ஒன்றரை அடிக்குள்ள இருந்தாத்தான் நிக்கும்."

மேலே அலமாரி. எங்கள் அடுப்பு மேடைக்கு மேலே அலமாரி கிடையாது. மேலே ஜன்னல் இருக்கிறது, கம்பி வைத்தது, கம்பியில் நான் கரித்துணியைக் காயப்போடுவேன், அதற்கு மேலே புகையை வெளியே தள்ளுகிற விசிறி, அதற்கு மேலே கூரை. ஐந்து வருஷமாகத் தினமும் இரண்டு வேளை நான் நிற்கிற இடம். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சொல்கிறாளோ, அங்கே ஒரு பலகை இருக்கிறது, ஆனால் அங்கே பிளக் இல்லை, அது அவளுக்கும் தெரியும், அதோடு பெட்டியின் மேல் யார் மெஷின் வைப்பார்கள். வேறு யாருடைய வீட்டையோ சொல்கிறாள். அவள் அம்மா வீடா, தூத்துக்குடியில் கடுங்காப்பிதான். மேல அலமாரி. இடிக்கும் என்கிறாள், இடிக்கலாம் என்றுகூட இல்லை. கையை வைத்துப் பார்த்தவள் பேசுகிற பேச்சு. என் மேஜை இழுப்பறையில் இருந்த அளவு நாடா போன வியாழக்கிழமை காணோம், வெள்ளிக்கிழமை இருந்தது, சுற்றியிருந்த விதம் மட்டும் வேறு. வியாழக்கிழமை இரண்டு பேரும் ஒன்பது மணிக்கு வந்தார்கள், மழை, டிராபிக் என்றார்கள், மழை எங்கள் பக்கம் இல்லையே என்று நினைத்தேன், சாப்பாட்டைச் சூடு பண்ணினேன். மாளவிகாவின் போனில் ஒரு படிக்கட்டின் படம் வந்தது, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் விரலால் தள்ளிவிட்டாள், அப்போது ஆண்பிள்ளை யாராவது அனுப்பியிருப்பான் என்று நினைத்து எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம், அவளுக்கு ஒருவன் கிடைத்துவிட்டால் பெனிட்டாவை விட்டுவிடுவாள் என்று. படிக்கட்டு. யாருடைய வீட்டுப் படிக்கட்டு. இதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். என்னுடைய வியாதியே இதுதான், சுருட்டின நாடாவைக்கூடப் பார்ப்பது, பார்த்து உள்ளேயே வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது, யாராவது தாங்களாகவே சொல்லட்டும் என்று விளக்கு மாறுகிற வரைக்கும் நிற்பது. பெனிட்டாவின் விரல் இன்னும் என் தாடையில் இருக்கிறது. துடைத்து முடித்துவிட்டாள், எடுக்கத்தான் மறந்திருக்கிறாள்.

முத்துச்செல்வன் இரண்டு மெஷினை ஒதுக்கி வைக்கிறார். ஒன்று இப்போது காபி போட்ட வெள்ளி நிறம், பார்க்க ஆபீஸ் பைல் பெட்டி மாதிரி இருக்கிறது. இன்னொன்று கறுப்பு, ஒல்லி, பொத்தான்களைச் சுற்றித் தாமிர வளையம். "உயரம் ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர். உங்க அலமாரிக்கு ரெண்டும் நிக்கும்." மாளவிகா கறுப்பைத் தடவுகிறாள். "பெனி, இது. பாரேன், எவ்ளோ அழகு. சுகி என்ன சொல்றா?" எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கறுப்பைப் பற்றி எனக்குத் தெரியும். வாங்கி ஐந்தாறு மாசத்தில் கைப்பிடி மாட்டுகிற இடத்து ரப்பர் வளையம் சுருங்கும், ஓரத்தில் கசியும், சுடுதண்ணீர் மேடையெல்லாம் ஓடும், உதிரி சாமான் இங்கே கிடைக்காது, வாங்கியவர்களில் பாதிப் பேர் புலம்பியிருக்கிறார்கள். வெள்ளியில் அந்தத் தொந்தரவு இல்லை. இதை என் நோட்டில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன், நோட்டு என் பையில் இருக்கிறது. கசியட்டும். அந்த அலமாரிக்குக் கீழே, அந்த ஒன்றரை அடிக்குள், காலையில் இரண்டு பேரும் ஒரே மக்கோடு நிற்கும்போது கசியட்டும், மாளவிகாவின் வெள்ளைச் சாக்ஸில் கறுப்புத் தண்ணீர் ஏறட்டும்.

"கறுப்பு," என்கிறேன்.

"பாத்தியா!" என்று மாளவிகா கைதட்டுகிறாள். பெனிட்டா என்னைப் பார்க்கிறாள், அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட வேறொன்று வருகிறது, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவளின் முகம். "அப்பாடா, ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லிட்டிய. அப்ப இதே எடுத்துருங்கண்ணே. சுகி சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஒரு கேள்வி இல்லை. ஏன் கறுப்பு, வெள்ளிக்கு என்ன குறை, ஒன்றும் இல்லை. எட்டு வருஷமாக இப்படித்தான், இன்டர்வியூவுக்கு எந்தப் புடவை என்பதிலிருந்து, எந்த டாக்டர் என்பது வரைக்கும். என் வாயிலிருந்து வருவதை அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறாள். எனக்குக் காது மடல் கொதிக்கிறது. முத்துச்செல்வன் பில் புத்தகத்தைத் திறக்கிறார், ஏதோ எழுதப்போகிறார், அவர் எழுதிவிட்டால் எல்லாம் நடந்துவிடும், நான் எதையும் கேட்காமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும், எப்போதும் போல.

"பெனி, நீங்க எப்போ போறீங்க?"

என் குரல்தான். மிக்ஸிச் சத்தம் நின்ற நேரமாகப் பார்த்துக் கேட்டுவிட்டேன், டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்புகிறார்கள். மாளவிகா போனை எடுத்துக்கொள்கிறாள். முத்துச்செல்வன் எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஸ்டாக் இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்," என்று பேனாவோடு நகர்கிறார். நல்ல மனுஷன். பெனிட்டாவின் கை கீழே இறங்கிவிட்டது.

"பதினஞ்சாந் தேதி," என்கிறாள். பிறகு, "உன்ட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியலட்டி. இன்னைக்குச் சாயந்தரம் சொல்லணும்னுதான் இருந்தேன். நெசமா."

"சரி."

"ஆபீஸ் பக்கத்துலயே வீடு. ரெண்டு ரூம்தான் இருக்கு. மூணு இருந்தா உன்னயும்..." அதோடு நிறுத்திவிட்டாள். பொய்யை முழுதாகச் சொல்ல அவளுக்கு வராது. "நீ என்னைய ஒண்ணுமே கேக்க மாட்டேங்க சுகி. நான் வாரது, போறது, எல்லாத்தயும் பாக்க. பாத்துட்டு, சாப்பாட்டைச் சூடு பண்ணி வைக்க. எனக்கு மூச்சு முட்டிட்டுட்டி. ஒரு தடவ சண்டையாவது போட்டிருக்கலாம்லா."

சண்டை. அதைப் போடலாம் என்றும் எனக்குத் தோன்றியதில்லை. தோளில் முகவாயை வைக்கலாம், சண்டை போடலாம், ஒருத்தியோடு இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று யாரோ எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த அன்று நான் வகுப்புக்கு வரவில்லை போல. இப்போதாவது ஒன்று போடலாம், கோப்பையைத் தூக்கி எறியலாம், துப்பட்டாவைப் பிடித்து இழுக்கலாம். அவள் கண் கலங்கியிருக்கிறது, துப்பட்டாவில் என் காபிக் கறை, ஒரு கறுப்பு வாய் மாதிரி. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கேட்டதும் சொல்லிவிட்டாள், அவ்வளவு சுலபமா அது.

"கறுப்பு வேண்டாம்," என்கிறேன். "வளையம் ஆறு மாசத்துல போயிடும். ஓரத்துல கசியும். வெள்ளியை எடு."

"அப்போ எதுக்குக் கறுப்புன்னு சொன்ன?" என்கிறாள் மாளவிகா, போனிலிருந்து தலையைத் தூக்கி. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறாள். பெனிட்டா அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, எட்டு வருஷம் சும்மா போகுமா, கண்ணுக்குள் முதலில் ஒரு அடி விழுந்த மாதிரியும், அப்புறம், என்னால் நம்ப முடியவில்லை, கொஞ்சம் சிரிப்பு மாதிரியும் ஒன்று வந்து போகிறது. "அண்ணே," என்று சத்தமாகக் கூப்பிடுகிறாள், "வெள்ளியே போடுங்க."

முத்துச்செல்வன் வந்து எழுதுகிறார். அட்டைப்பெட்டி வருகிறது, மேல்மூடியைப் பிரித்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று என்னைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள், சரிபார்க்கிறேன். கைப்பிடி, அளவுக் கரண்டி, அழுத்துகிற கட்டை, விளக்கப் புத்தகம். எல்லாம் இருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் பெனிட்டா, ஒரு பக்கம் மாளவிகா, இருவருமாகத் தூக்கி லிப்டை நோக்கி நடக்கிறார்கள், நான் கதவைப் பிடித்துக்கொள்கிறேன். நல்ல மெஷின். நான் படித்ததில் ஒருவர்கூட அதைக் குறை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் ஓடும், திறந்து பார்க்க வேண்டியிருக்காது, யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்காது. கறுப்பாக இருந்திருந்தால் ஆறு மாசத்தில், ஏதாவது ஒரு காலையில், மேடையெல்லாம் தண்ணீர் ஓடும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் பெனிட்டா போனை எடுத்து என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள்.